முதல் ஹர்டி-கர்டி: காசைச் சக்கரத்தில் போடுங்கள்

வயலினில் வில் செய்யும் வேலையை ஹர்டி-கர்டி என்ற ஐரோப்பியத் தந்திக்கருவியில் ஒரு மரச்சக்கரம் செய்கிறது. வலக்கை கைப்பிடியைச் சுழற்ற, சக்கரத்தின் விளிம்பு தந்திகளைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். இடக்கை கட்டைகளை அழுத்தி ஸ்வரங்களை மாற்றும். ஸ்பெயினின் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா பேராலயத்தில் உள்ள 12-ஆம் நூற்றாண்டு வாயிற்சிற்பத்தில், இக்கருவியின் மூதாதையை இருவர் மடியில் கிடத்தி, ஒருவர் சுழற்ற மற்றவர் கட்டைகளைக் கையாள்வதைக் காணலாம். வியாசர்பாடியிலோ ராயபுரத்திலோ இருந்துகொண்டு இதை வாங்க நினைப்பவர், கடையில் தொட்டுப் பார்க்க வழியின்றி வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும்; அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் கையிருப்பு வேகமாகக் கரையும். எந்த உறுப்புக்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்குவது அதனால்தான் முக்கியம்.

சக்கரத்தின் விளிம்பில் ரோசின் என்ற மரப்பிசின் பூசப்பட்டிருக்கும். அது தந்தியைப் பற்றிச் சிறிது தூரம் இழுக்கும். இழுவிசை மிகுந்ததும் தந்தி வழுக்கித் திரும்பும். உடனே மீண்டும் பற்றப்படும். நொடிக்கு 200 முறை அதிரும் தந்தியில் இந்தப் பற்றலும் வழுக்கலும் நொடிக்கு 200 முறை நிகழ்கின்றன. சக்கரம் தந்தியை அழுத்தும் விசை ஒரே சீராக இருந்தால்தான் ஒலியும் சீராக இருக்கும். சக்கரம் மையம் விலகியிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை ஒலி கரகரத்து, ஒருமுறை அடங்கிப்போகும். எத்தனை பயிற்சி செய்தாலும் அந்தக் குறை தீராது.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் ஆதாரம், சக்கரம் சுழலும் காணொளி. சைக்கிள் கடைக்காரர் ரிம்மில் கோட்டம் எடுக்கும்போது பிரேக் கட்டையருகே இடைவெளியைக் கவனிப்பதைப் போல, ஒரு பென்சில் முனையை விளிம்பைத் தொடாமல் நிறுத்திவைத்து, மெதுவாகச் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இடைவெளி விரிந்து சுருங்குவது கண்ணுக்கே தெரிந்தால் அந்தக் கருவி வேண்டாம். பிறகு ஒரே ஒரு தந்தியை மட்டும் வைத்து நிதானமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எல்லாத் தந்திகளும் சேர்ந்து ஒலிக்கும்போது பல குறைகள் மறைந்துகொள்ளும்.

எண்ணூர் முதல் காசிமேடு வரை வீசும் கடற்காற்றில் சக்கரம் எந்த மரத்தால் ஆனது என்பதும் கணக்கில் வரும். மரம் ஈரத்தை உறிஞ்சும்போது இழையின் திசையில் மிகக் குறைவாகவும் குறுக்கே அதிகமாகவும் விரியும். எனவே ஒற்றை மரத்துண்டில் வெட்டிய சக்கரம் மழைக்காலத்தில் வட்டம் கெட்டு நீள்வட்டமாகலாம். அடுக்குகளை மாற்றுத் திசையில் ஒட்டிய பிளைவுட்டில் இந்த விரிவு பெருமளவு கட்டுப்படும். விலை குறைந்த பொருள் என்று பலர் ஒதுக்கும் பிளைவுட், நம் ஊருக்கு உண்மையில் பொருத்தமானது. நெதர்லாந்தில் வடிவமைக்கப்பட்ட நெர்டி கர்டி போன்ற, லேசரால் வெட்டிய பிளைவுட் பாகங்களை நாமே பூட்டிக்கொள்ளும் தொகுப்புகளைக் கருதிப் பார்க்கலாம். பூட்டிய பின் அச்சுத்தண்டில் ஆட்டம் தெரிந்தால், வடசென்னையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. நுண்ணிய ஆட்டத்தையும் அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

கட்டையை அழுத்தினால் அதிலுள்ள சிறு முளை தந்தியைத் தொட்டு, அதிரும் நீளத்தைக் குறைக்கிறது. ஒவ்வொரு அரைஸ்வரத்துக்கும் நீளம் சுமார் 5.6 விழுக்காடு குறைய வேண்டும். தந்தியின் தடிமனும் இழுவிசையும் இந்தக் கணக்கைச் சற்றே பிசகச் செய்வதால், முளைகளைத் திருப்பிச் சரிசெய்யும் வசதி இருந்தாக வேண்டும். அவற்றை நிலையாக ஒட்டிவிட்ட கருவி பொம்மைதான்.

தந்திகளின் எண்ணிக்கையில் மயங்க வேண்டியதில்லை. ராகத்துக்கு ஒன்றோ இரண்டோ, சுருதிக்கு ஒன்று, இவற்றுடன் தாளத் தந்தி ஒன்று போதும். தாளத் தந்தியைத் தாங்கும் சிறு மரத்துண்டான குதிரைக்கு ஒரு கால் மட்டும் தளர்வாக இருக்கும். மணிக்கட்டைச் சுண்டிக் கைப்பிடியைச் சுழற்றும்போது அந்தக் கால் பலகையில் படபடத்து, பாட்டோடு தாளத்தையும் எழுப்பும். கானாவும் பறையும் கேட்டு வளர்ந்த காதுக்கு இக்கருவியின் பாதிச் சுவை இதில்தான் இருக்கிறது. பணம் மிச்சப்படுத்த இதை விட்டுவிடாதீர்கள்.

சக்கரம் தொடும் இடத்தில் தந்தியைச் சுற்றிப் பஞ்சு சுற்ற வேண்டும். குறைந்தால் ஒலி கிறீச்சிடும், மிகுந்தால் மங்கும். விளக்குத்திரிக்கு வாங்கும் நீளிழைப் பருத்தி ஏற்றது. இலவம் பஞ்சு வழுவழுப்பானது, தந்தியில் நிற்காது. கோடை வெப்பத்தில் ரோசின் பிசுபிசுக்கும் என்பதால், மே மாதத்தில் அதை மிகக் கொஞ்சமாகப் பூசுவது நல்லது.

விட்ட கட்டை தன் எடையாலேயே கீழிறங்கித் திரும்புவதால், மரம் ஊதிப் புழை இறுகினால் அது மேலேயே சிக்கிக்கொள்ளும். ஐப்பசியில் இது நடந்தால் உடனே அரத்தை எடுக்காமல், கட்டையின் பக்கங்களில் பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். அப்போதும் சிக்கினால் மட்டும் மென்மையான உப்புத்தாளால் ஓரிரு இழுப்பு போதும். அதிகம் தேய்த்தால் தையில் காற்று உலர்ந்ததும் அதே கட்டை கடகடக்கும்.