பார்ட்டிங் முடியும்போது கை எங்கே இருக்கிறது?

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ஜாப் ஆர்டர் எடுக்கும் லேத் பட்டறைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போகும்போது நான் முதலில் கவனிப்பது ஆபரேட்டரின் இடது கையைத்தான். பார்ட்டிங் டூல், கடைந்து முடித்த ஜாப்பை மூலக் கம்பியான பாரிலிருந்து அறுத்து முடிக்கும் கடைசி இரண்டு நொடியில் அந்தக் கை எங்கே போகிறது? பல இடங்களில் நேராக, பாரைக் கவ்விச் சுற்றும் சக் பக்கம்தான் போகிறது. சின்ன புஷ் (துளையுள்ள குழாய்த் துண்டு), பின், ஸ்பேசர் எதுவானாலும், விழுந்து உலோகச் சுருளுக்குள் புதைந்துவிடக் கூடாது என்று உள்ளங்கையை நீட்டிப் பிடிக்கிறார்கள்.

இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பீஸ் ரேட் வேலை. ஷிஃப்டுக்கு 500 பீஸ் எடுப்பவர், விழுந்ததைத் தேடுவதற்குப் பீஸுக்கு 3 நொடி செலவழித்தாலே 25 நிமிடம் போய்விடும். நல்ல ஃபினிஷ் எடுத்த பித்தளை ஜாப் இரும்புத் தட்டில் விழுந்தால் ஓரம் நசுங்கும், இன்ஸ்பெக்‌ஷனில் தள்ளிவிடுவார்கள். கையால் பிடிக்க அவருக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை அப்படியே விட்டுவிட்டு, 'ஓடும் மெஷினில் கை வைக்காதே' என்று போர்டு மட்டும் மாட்டினால் என்ன பயன்?

துளை உள்ள ஜாப் என்றால் வழி சுலபம். துளையைவிடச் சற்றுச் சிறிய விட்டத்தில், வழவழப்பான ஒரு ராடை, சக்குக்கு எதிர்முனையில் உள்ள டெயில்ஸ்டாக்கின் டிரில் சக்கில் மாட்டுங்கள். பார்ட்டிங் தொடங்குமுன் அதன் முனையைத் துளைக்குள் கொஞ்சம் நுழைத்து வைத்தால் போதும். அறுந்ததும் புஷ் ராடிலேயே தொங்கி நிற்கும். ராடு துளையில் இறுக்கமாக இருக்கக் கூடாது, தாராளமாகச் சுற்ற இடம் வேண்டும். நீளமான ராடு என்றால் சில பீஸ் சேர்ந்த பிறகு, மெஷினை நிறுத்திவிட்டு மொத்தமாக உருவிக்கொள்ளலாம்.

திடமான பின்னுக்கு இது நடக்காது. அதற்குச் சரிவாக மடித்த ஒரு தகரத் தட்டு, அதன் மேல் ரப்பர் ஷீட், கீழ்முனையில் கம்பி வலைக் கூடை. முக்கியமான விஷயம், இந்தத் தட்டை டர்னிங் ஓடும்போதே வைத்துவிடாதீர்கள். பார்ட்டிங்குக்குச் சற்று முன்னால்தான் அது உள்ளே வர வேண்டும். அப்போது கூடையில் விழுவது பீஸும் பார்ட்டிங் சுருளும் மட்டும்தான், தேடுகிற வேலையே இருக்காது. டூல் முனையை லேசாகச் சாய்த்துத் தீட்டினால் நடுவில் மிஞ்சும் மொட்டு பீஸில் நிற்காமல் பாரிலேயே நிற்கும். ரொம்பச் சாய்த்தால் டூல் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும்.

சி.என்.சி.யில் (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் லேத்) பீஸைத் தானாகப் பிடிக்கும் பார்ட் கேட்சர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் புரோகிராமைப் பாருங்கள். விட்டம் குறையக் குறைய சக்கை வேகமாகச் சுற்றும் ஜி96 கட்டளையில் நிமிடத்துக்கு 120 மீட்டர் வேகம் கொடுத்தால், 20 மி.மீ. விட்டத்தில் சுமார் 1,900 ஆர்.பி.எம். ஓடும் சக், 5 மி.மீ.க்கு வரும்போது 7,600-ஐத் தொடப் பார்க்கும். அந்த வேகத்தில் அறுந்த பீஸ் விழாது, பறக்கும். ஜி50-இல் உச்ச வேகத்துக்கு வரம்பு வையுங்கள். கடைசிக் கொஞ்ச தூரத்தை, சுற்று வேகம் மாறாத ஜி97-இல் குறைந்த வேகத்தில், ஃபீடையும் (டூல் முன்னேறும் அளவு) பாதியாக்கி முடியுங்கள்.

அடுத்தது சுருள். எம்.எஸ். (சாதாரண எஃகு), எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) இரண்டுமே முடி மாதிரி நீளமாகச் சுற்றிக்கொண்டு வரும். நீல நிறமாக வரும் எஃகுச் சுருள் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைப் பார்த்து வந்தது என்று அர்த்தம். ஓரமோ பிளேடு. அதைக் கையால் இழுக்கும்போது மறுமுனை சக்கில் சிக்கினால், நாம் விடுவதற்குள் அது விரலைச் சுற்றி இறுக்கிவிடும். கையுறை போட்டால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். சுற்றும் சக் பக்கத்தில் கையுறைதான் பெரிய ஆபத்து, விரலோடு சேர்த்து இழுக்கும். துடைக்க வைத்திருக்கும் திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியும் அப்படியே. ஓடும் ஜாப்பை அதால் துடைத்தவரின் இரண்டு விரலை ஒரு பட்டறையில் அதன் ஒரே ஒரு நூல் கொண்டுபோனது.

சுருளை அகற்றுவதைவிட, நீளமாக வராமல் பார்ப்பதுதான் வேலை. பலர் ஃபினிஷ் நன்றாக வரட்டும் என்று ஃபீடைச் சுற்றுக்கு 0.05 மி.மீ.யில் வைத்து ரஃபிங்கும் (முதல்கட்ட முரட்டு வெட்டு) ஓட்டுகிறார்கள். ரஃபிங் இன்செர்ட்டில் (டூலில் மாட்டும் வெட்டு முனை) சுருளை உடைக்க இருக்கும் சிப் பிரேக்கர் அவ்வளவு மெல்லிய சிப்பை உடைக்காது. 0.2 பக்கம் ஏற்றிப் பாருங்கள், வெட்டும் ஆழம் இன்செர்ட்டின் மூக்கு ரேடியஸுக்குக் குறையாமல் இருக்கட்டும். சுருள் '6', '9' மாதிரி உடைந்து விழ ஆரம்பிக்கும். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் என்றால் வெட்டும் முனைக்குப் பின்னால் ஒரு சின்னப் படி தீட்டிக்கொள்ளலாம். மிஞ்சியதை மெஷினை நிறுத்தியபின் கொக்கியால் எடுங்கள். கொக்கியின் பிடி வளையமாக இருக்கவே கூடாது. வளையத்துக்குள் விரல் இருந்தால் கொக்கி போகுமிடத்துக்கு விரலும் போகும்.

சி.என்.சி.யில் சுருளை இழுப்பதற்காகவே கதவு திறந்தால் மெஷினை ஓடவிடாத டோர் ஸ்விட்சை பைபாஸ் செய்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும். அந்தக் கதவு கூலன்ட் தெறிக்காமல் இருக்க மட்டும் வைத்ததில்லை.

பித்தளையில் சுருள் பிரச்சினை இல்லை, ஊசி ஊசியாகத் தெறிக்கும். கண்ணாடி கட்டாயம். ஏர் கன்னால் ஊதித் தள்ளுவதையும் விடுங்கள். தூள், டூலைச் சுமந்து நகரும் கேரேஜுக்கு அடியில் போய் அது ஓடும் பெட்டைத் தேய்க்கும், பக்கத்து மெஷின்காரர் கண்ணிலும் போகும். பிரஷ் போதும். கண்ணில் விழுந்துவிட்டால் துணி நுனியால் எடுத்துவிடும் 'கைராசிக்காரர்' எல்லாப் பட்டறையிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் போகாதீர்கள். கருவிழியில் தைத்த இரும்பு சில மணி நேரத்திலேயே துரு வளையம் போட ஆரம்பித்துவிடும். கசக்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய், என்ன உலோகம் என்பதையும் சொல்லுங்கள்.

பட்டறை முதலாளிகளுக்கு ஒன்று. பீஸ் ரேட்டில் நிற்பவர் தன் நேரத்தைப் போட்டுத் தட்டு மடிக்க மாட்டார், ராடு கடைய மாட்டார். அந்த அரை நாளுக்குத் தனியாகக் கூலி கொடுங்கள். புது ஜாப்புக்கு செட்டிங் போடும்போது, முதல் பீஸை இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்புவதற்கு முன்பே அது எதில் விழும் என்பதையும் செட்டர் காட்ட வேண்டும் என்று வையுங்கள்.