மூடிய உறைகிணற்றின் மேல் நிற்கும் கார்கள்

இந்த மாதத்தில் மட்டும் இது நான்காவது குடியிருப்பு. சென்னை பெசன்ட் நகரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் உள்ள அதன் சங்கச் செயலாளர், "எண்பது அடி போர்வெல் உப்புக் கரிக்கிறது சார், இருநூறு அடிக்கு இறக்கிவிடலாமா?" என்று கேட்டார். மழைநீர் இறங்கும் உறைகிணறு எங்கே என்று கேட்டேன். கார் நிறுத்துமிடத்தில் புதிதாகப் பதித்திருந்த தரை ஓடுகளைக் காட்டி, "இதற்குக் கீழேதான் இருந்தது. கடல்நீர் ஆலைகள் வந்துவிட்டனவே, இனி எதற்கு என்று மூடிவிட்டோம்" என்றார். மொட்டை மாடிக் குழாய்கள் எல்லாம் தெருவின் மழைநீர் வடிகாலுக்குத் திருப்பப்பட்டிருந்தன.

நிலத்தடி நீர் ஆலோசகனாக நான் அதிகம் கேட்பதும், கேட்டுக் கேட்டுச் சலித்ததும் இந்த ஒரு பதிலைத்தான். மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் தொடங்கிய, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் திறன் கொண்டவை. 2024-ல் நெம்மேலியிலேயே திறக்கப்பட்ட இரண்டாவது ஆலை 15 கோடி லிட்டர் திறன் கொண்டது. இவை நகரத்துக்குத் தேவையானவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் குழாய் வழியாக உங்கள் சம்புக்கு, அதாவது தரைக்கடித் தொட்டிக்கு வருகிறதே தவிர, உங்கள் மனைக்கு அடியிலுள்ள மணலுக்குள் ஒரு சொட்டும் இறங்குவதில்லை. ஆலை வந்த பிறகு போர் மோட்டாரை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டால் எவரும் பதில் சொல்வதில்லை. எடுப்பது தொடரும்போது, போடுவதை மட்டும் நிறுத்துவது என்ன கணக்கு?

ஆந்திரத்திலிருந்து கிருஷ்ணா நதி நீரைப் பெறும் 1983-ஆம் ஆண்டின் ஒப்பந்தம், 2004 முதல் குழாயில் வரும் வீராணம் ஏரி நீர் ஆகியவற்றைக் காட்டி, இனி கிணறு எதற்கு என்பவர்களுக்கும் என் பதில் இதேதான். அவை வேறெங்கோ பெய்யும் மழையையும் நம்பியவை. ஏரிகள் வறண்ட 2019-ல், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று தண்ணீர் கொண்டுவரப்பட்டதை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோம். 2003-ல் தமிழகம் முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது கட்டிய கிணறுகளையும் சேர்த்துத்தான் மறந்திருக்கிறோம்.

ஆழமாக இறக்குவதைப் பற்றி: கடலோர மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. மேலே நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழே உப்புநீர் ஏறக்குறைய நாற்பது அடி மேலேறும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. இருநூறு அடிக்குப் போனால் உப்பைத் தேடிப் போகிறீர்கள் என்று பொருள். வேளச்சேரி, கிண்டிப் பக்கம் பாறை. அங்கே தண்ணீர் ஆழத்தில் இல்லை, வெடிப்பில் இருக்கிறது.

ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மொட்டை மாடியின் மேல், சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஏறக்குறைய இரண்டரை லட்சம் லிட்டர் மிஞ்சும். 12,000 லிட்டர் லாரிகளில் இருபது. இதை வடிகாலில் விட்டுவிட்டு, மார்ச் மாதத்தில் லாரிக்குப் பணம் வசூலிக்கச் சங்கக் கூட்டம் போடுகிறார்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பருக்குள் வடிகட்டித் தொட்டியின் மணலையும் கூழாங்கல்லையும் வெளியே எடுத்துக் கழுவுங்கள். மாடியைப் பெருக்குங்கள், முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். வடிகட்டாத மாடித் தண்ணீரை நேராகப் போருக்குள் விடாதீர்கள். துணி துவைத்த தண்ணீரைக் கிணற்றில் சேர்ப்பதை நான் இரண்டு இடங்களில் பார்த்துவிட்டேன், தயவுசெய்து வேண்டாம். பெருமழை விட்டு ஒரு நாள் ஆன பின் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் இன்னும் இறங்காமல் நின்றால், அடியில் சேறு அடைத்திருக்கிறது, தூர்வார வேண்டும்.

அந்தச் செயலாளரிடம் புதிய போருக்கு இடம் குறித்துத் தர மறுத்துவிட்டேன். நான்கு ஓடுகளைப் பெயர்த்து மூடியைத் திறக்க ஒரு கொத்தனாருக்கு அரை நாள் போதும் என்றேன். பொதுக்குழுவில் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.