“என் நாய் ஒன்றும் செய்யாது, டாக்டர்”

கிளினிக்கின் காத்திருப்பு அறையில் இதை அடிக்கடி கேட்கிறேன். சொல்பவர் பொய் சொல்வதில்லை. ஆனால் அந்த அறையில் நடக்கும் சண்டைகளில் பல, இந்த ஒன்றும் செய்யாத நாய்களால்தான் ஆரம்பிக்கின்றன. கடிக்கிற நாயை வளர்ப்பவர் லீஷைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். சாது நாயை வளர்ப்பவர்தான் மொபைலில் மூழ்கியிருப்பார்; அவருடைய நாய் எதிர் நாற்காலிக்குப் போய் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும்.

எதிரே இருக்கும் நாய்க்கு என்ன பிரச்சினை என்று உங்களுக்குத் தெரியாது. காதில் சீழ் இருக்கலாம், இடுப்பு மூட்டு வலிக்கலாம். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். முன்பின் தெரியாத நாயை விட்டுவைக்குமா? வெளியில் என்றால் விலகி ஓடிவிடும். இங்கே கழுத்தில் லீஷ், பின்னால் சுவர். உறுமுவதும் கடிப்பதும்தான் அதற்கு மிச்சம்.

“வாலாட்டுகிறதே, விளையாடத்தான் கூப்பிடுகிறது” என்பார்கள். உடம்பு விறைத்து, வால் மேலே நின்று வேகமாகத் துடித்தால் அது நட்பு இல்லை. பசியில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, இவையெல்லாம் ‘கிட்டே வராதே’ என்பதற்கான அறிகுறிகள். அப்புறம்தான் உறுமல். உறுமியதற்காக நாயை அடிக்காதீர்கள். உறுமக் கூடாது என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும்.

எனவே இங்கே யாரும் யாரோடும் பழக வேண்டாம். நாய் உங்கள் காலுக்குப் பக்கத்தில், மற்ற நாய்கள் கண்ணில் படாத பக்கமாக இருக்கட்டும். நடுவில் உங்கள் உடம்பே தடுப்பு. நீளும் சுருங்கும் லீஷ் வேண்டவே வேண்டாம். பூட்டு நழுவினால் நாய் அறையின் மறுகோடிக்குப் போய்விடும், மெல்லிய கயிறு யார் காலையாவது அறுக்கும். ஐந்தாறு அடி நீளமுள்ள சாதாரண லீஷ் போதும். கதவைத் திறக்கும் முன் உள்ளே எட்டிப் பாருங்கள். வாசலில் இரண்டு நாய்கள் நேருக்கு நேர் முட்டிக்கொள்வதுதான் எனக்குப் பெரிய தலைவலி.

தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விடாதீர்கள். மடியில் வையுங்கள், இல்லையென்றால் கூடையில். குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் பேதியும் உண்டாக்கி உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மலத்தின் வழியாகப் பரவுகிறது. தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கும் அசையாது. நோய் வந்த நாய், வாந்தியோ பேதியோ தொடங்குவதற்கு முன்பே வைரஸை வெளியேற்ற ஆரம்பித்துவிடும். நாங்கள் துடைத்துக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனாலும் தரை சுத்தம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். குட்டிக்குக் கடைசி தவணை ஊசி பதினாறு வாரமோ அதற்கு மேலோ ஆன பிறகே போட வேண்டும் என்பதால், இந்தக் கவனம் சில மாதங்கள் தேவைப்படும்.

உங்கள் நாய் இருமினாலோ, பேதியானாலோ கிளம்பும் முன் போன் செய்துவிடுங்கள். வெளியிலேயே காத்திருக்கச் சொல்வோம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காரில் காத்திருப்பதென்றால் கூடவே ஒருவர் இருக்க வேண்டும். மூடிய காரில் சூடு சில நிமிடங்களில் ஏறிவிடும்.

பூனைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: கூடையைத் தரையில் வைக்காமல் நாற்காலியில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்துங்கள். நாய்க்காரர்களே, உங்கள் நாய் கூடைக்குள் மூக்கை விட்டுப் பார்ப்பது வேடிக்கை இல்லை. பயந்த பூனையை மேசைக்கு எடுத்த பிறகு எங்கள் கைதான் கிழியும்.

பிறர் நாய்க்கு பிஸ்கட் நீட்டாதீர்கள். மயக்க மருந்துக்காகப் பட்டினியாக வந்திருக்கலாம், ஒவ்வாமை இருக்கலாம். குழந்தைகள் நாயைக் கட்டிப்பிடிக்க ஓடினால் நிறுத்துங்கள்.

வாய்க்கூடு போட்ட நாயைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கோ அந்த வளர்ப்பவர்மேல் மரியாதைதான் வருகிறது. கூடை வடிவ வாய்க்கூட்டில் நாய் மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், தின்பண்டம் வாங்கலாம். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை அப்படியல்ல. வெப்பம் வெளியேறாது, சில நிமிடங்களுக்கு மேல் கூடாது. வீட்டில் தின்பண்டம் கொடுத்துப் பழக்கிவிட்டால் கிளினிக்கில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. லீஷில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தாலும் ‘தள்ளி இருங்கள்’ என்றே பொருள். கனடாவில் 2012இல் தொடங்கிய ஓர் அமைப்பு இதைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது.

இந்தப் பதற்றத்துக்கு மருத்துவ ரீதியான விலையும் உண்டு. வெளியே அரைமணி நேரம் பயந்து நடுங்கிய நாயின் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறியிருக்கும். உடல் வெப்பமும் கொஞ்சம் கூடும். அது காய்ச்சலா பயமா என்று நான் யோசிக்க வேண்டியிருக்கும். நோயில்லாத நாளில் சும்மா வந்து, எடை பார்த்து, ஒரு தின்பண்டம் வாங்கிக்கொண்டு போகும் நாய்களிடம் இந்தக் குழப்பம் குறைவு. அதற்குக் கட்டணம் உண்டா என்று ரிசப்ஷனில் கேளுங்கள். பல கிளினிக்குகளில் வாங்குவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சண்டை வந்தால் இரண்டு வாய்களுக்கு நடுவே கையை விடாதீர்கள். சத்தம் போட்டு எங்களைக் கூப்பிடுங்கள். பல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அப்புறம் மனிதர்களுக்கான டாக்டரிடம் அன்றைக்கே போங்கள். கடித்த நாய்க்கு ரேபிஸ் ஊசி எப்போது போட்டது என்ற விவரத்தையும் அதன் வளர்ப்பவரிடம் கேட்டு எடுத்துப் போங்கள்.