பெரிய வீல் போடுமுன் கார் புத்தகத்தைப் பாருங்கள்

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பித்தாயிற்று, ஆகவே காரில் போட்ட பெரிய வீலும் சட்டப்படி சரிதான் என்று நினைப்பவர்கள் மலையகத்தில் நிறையப் பேர். பிரதேச செயலகத்தில் பார்ப்பது காப்புறுதியையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும்தான். புகை பார்க்கிற இடத்தில் வீலை யாரும் அளப்பதில்லை. பஸ், லொறிக்கு இருக்கும் தகுதிச் சான்றிதழ் சொந்தப் பாவனைக் காருக்குத் தேவையுமில்லை. ஆகவே பொறுப்பு சொந்தக்காரருடையது.

பதிவுச் சான்றிதழில், அதாவது கார் புத்தகத்தில், டயர் அளவுக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே பதிந்திருக்கும் விபரம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வீல் வாங்குவதற்கு முன்பே மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்துப் பிரதியை வைத்திருங்கள். விபத்துக்குப் பிறகு 'இந்த மாற்றத்தை ஏன் சொல்லவில்லை' என்று கேட்டால் காட்ட அந்தத் தாள்தான் இருக்கும்.

இனி அளவு. ரிம் பெருக்கலாம், வீலின் மொத்த உயரம் பெருக்கக் கூடாது. டொயோட்டா எக்சியோவை எடுப்போம். அதன் 175/65 ஆர் 15 டயரின் (அகலம் 175 மில்லிமீற்றர், பக்கச் சுவர் அதில் 65 வீதம், ரிம் 15 அங்குலம்) உயரம் 608.5 மில்லிமீற்றர். 185/55 ஆர் 16 போட்டால் 609.9, வித்தியாசமே தெரியாது. 205/55 ஆர் 16 என்றால் 631.9, கிட்டத்தட்ட 4 வீதம் கூடுதல். மீற்றர் 70 காட்டும்போது கார் ஏறக்குறைய 73இல் ஓடும். நகருக்கு வெளியே காருக்கான வேக எல்லையே 70தான். றம்பொடை ஏற்றத்தில் இழுவையும் குறையும்.

உயரம் பொருந்தினால் மட்டும் போதாது. பழைய டயரின் பாரச் சுட்டெண் 84, அதாவது ஒரு டயருக்கு 500 கிலோ. 185/55 ஆர் 16 வழக்கமாக 83இல் வரும், அது 487 கிலோ. குடும்பத்தோடு அரிசி மூட்டையும் ஏற்றி மலை ஏறுகிற காருக்கு இந்த 13 கிலோவை விட்டுக்கொடுக்க வேண்டாம். 84க்குக் குறையாத டயர் கிடைக்காவிட்டால் 15லேயே இருங்கள்.

சஸ்பென்ஷனைக் கெடுப்பது பெரும்பாலும் ஓஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் வரையான தூரம். ரிம்மின் உட்புறத்தில் 'ஈடி 39' என்பதுபோல் அடித்திருக்கும். அதே அகலத்தில் 'ஈடி 25' வாங்கினால் வீல் 14 மில்லிமீற்றர் வெளியே தள்ளும். பாரம் வீல் பெயரிங்கில் நெம்புகோல்போல் விழும்; லோவர் ஆர்ம் புஷ்ஷும் போல் ஜொயின்டும் சீக்கிரம் தேயும். பழைய வீலையும் புதியதையும் டயரோடு தராசில் வையுங்கள். ஒன்றுக்கு 2 கிலோவுக்கு மேல் கூடினால் அந்த ரிம்மை விட்டுவிடலாம். ஷொக் அப்சோபர்தான் அந்தச் சுமையை அடக்கியாக வேண்டும்.

டயரின் பக்கச் சுவர் குறைந்தால் பள்ளத்தின் அடி நேரே ரிம்முக்குப் போகும். கொழுந்து லொறி கிண்டிவிட்ட தோட்டத்து ரோட்டில் தினமும் லயத்துக்குப் போய்வருபவர் ஒரு அங்குலத்துக்கு மேல் ரிம் பெருக்குவது வீண்செலவு என்பதே எங்கள் கருத்து.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய அலோய் ரிம் வாங்கினால் ஜப்பான் ரிம்மில் 'ஜேடபிள்யூஎல்' என்ற தர முத்திரையைத் தேடுங்கள். வெடிப்பு, வெல்டிங் தடம் இருந்தால் வேண்டாம். டயரோடு வந்தால் பக்கச் சுவரில் 'டிஓடி' என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் படியுங்கள், அது டயர் செய்த காலம்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

நட்டும் கவனம். டொயோட்டா நட்டின் புரி இடைவெளி 1.5 மில்லிமீற்றர், சுசுகிக்கு 1.25. இரண்டின் விட்டமும் 12 மில்லிமீற்றர் என்பதால் மாறி ஏற்றினால் முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு ஸ்டட்டின் புரியே போய்விடும். நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாயிருந்தால் வளையம் போடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டியரிங் அதிரும்.

பூட்டியபின் பின்சீற்றில் மூன்று பேரை ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை முறித்து ஒரு மேட்டில் ஏற்றி இறக்குங்கள். முடக்கில் உரசுமா என்பது அப்போதே தெரிந்துவிடும். நட்டுகளை ஒன்று விட்டு எதிரே ஒன்றாக, டொயோட்டாவுக்கு 103 நியூட்டன் மீற்றர் அளவில் இறுக்கி, எலைன்மென்ட் பாருங்கள். 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும். புதிய ரிம்முக்கு வேறு நட்டு வாங்கினாலும் பழைய நட்டுகளை எறியாதீர்கள், ஸ்பெயார் வீலுக்கு அவைதான் பொருந்தும்.