ஆசிரியர் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்: டெல்டா பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஆசிரியர் பயிற்சி முடித்த ஒருவராவது இல்லாத தெரு குறைவு. தை அறுவடைப் பணத்திலோ, கூட்டுறவு வங்கியில் வைத்த நகையிலோதான் பெரும்பாலும் அந்தப் படிப்பு நடந்திருக்கும். தேர்வில் மதிப்பெண் குறைந்து தவறியவர்களைப் பற்றி இங்கே நான் எழுதவில்லை. தேர்விலும் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பு மேசை வரை போய், ஒரு தாளுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்குச் சிக்கல் விழுந்தது பல வருடங்களுக்கு முன்பு, படிப்பில் சேர்ந்த அன்றைக்கே. அன்று யாரும் சொல்லவில்லை. கல்லூரிக்குச் சீட்டு நிரம்ப வேண்டும். அலுவலகத்தில் கேட்டால் ‘அறிவிப்பு வரட்டும், பார்க்கலாம்’ என்பார்கள்.

சட்டப் பின்னணி இரண்டு வரிதான். 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23-ல் ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் 2012 முதல் அந்த ‘டெட்’ நடக்கிறது.

பாதைகள் மூன்று. பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம் டி.எல்.எட். என்ற தொடக்கக் கல்விப் பட்டயம் படித்து, டெட் முதல் தாளில் தேறினால் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு இடைநிலை ஆசிரியர் ஆகலாம். பட்டப்படிப்புக்கு மேல் இரண்டு வருடம் பி.எட். படித்து, டெட் இரண்டாம் தாளில் தேறினால் ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகளுக்குப் பட்டதாரி ஆசிரியர். முதுகலையும் பி.எட்.-டும் இருந்தால் மேல்நிலை வகுப்புக்கு முதுகலை ஆசிரியர். அதற்கு டெட் கிடையாது, நேராக ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு.

சேரும்போதே விழும் குழிகள்

‘பி.எட். படித்தால் சின்ன வகுப்புக்கும் போகலாம், பெரிய வகுப்புக்கும் போகலாம்’ என்று இன்னும் சில கல்லூரிகளின் ஆட்கள் சொல்லி அனுப்புகிறார்கள். அது முடிந்துபோன கதை. 2018-ல் அப்படி ஒரு கதவைத் திறந்தார்கள். 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை மூடிவிட்டது. ஒன்று முதல் ஐந்து வரை எடுக்க வேண்டுமென்றால் டி.எல்.எட். தான் வேண்டும். பி.எட்.-டை வைத்துக்கொண்டு முதல் தாளுக்குப் படிப்பது வீண் உழைப்பு.

அடுத்தது பாடம். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் பி.காம்., பி.ஏ. பொருளியல் முடித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். இந்தப் பாடங்களுக்கு வெறும் இளங்கலையோடு பி.எட். சேர முடியாது, முதுகலை வேண்டும். வணிகவியலுக்குப் பட்டதாரி ஆசிரியர் பணியிடமும் கிடையாது. முதுகலை ஆசிரியர் வேலை ஒன்றுதான். ஆக, பிளஸ் டூ முடிந்து பி.காம். சேரும்போதே மொத்தம் ஏழு வருடப் படிப்பு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டத்தின் பெயரும் ஆளைக் கவிழ்க்கும். கணிதம், இயற்பியல் என்று நேராக இருந்தால் கவலை இல்லை. பெயரின் முன்னாலோ பின்னாலோ ‘பயன்பாட்டு’, ‘கணினிப் பயன்பாட்டுடன்’ என்று ஒட்டு சேர்ந்தால், அது மூலப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று வாரியம் கேட்கும். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழு பரிந்துரைத்து, அரசு ஆணை போட்டிருந்தால்தான் செல்லும். இல்லையென்றால் நல்ல மதிப்பெண் எடுத்தவரையும் தள்ளிவிடுவார்கள். ‘யுனிவர்சிட்டியே கொடுத்த டிகிரி, எப்படிச் செல்லாமல் போகும்?’ என்று அந்த மேசையில் அழுது பயனில்லை. சேர்வதற்கு முன்பே கல்லூரியிடம் அந்த அரசாணையின் நகலைக் கேளுங்கள். ‘எல்லாம் செல்லும் சார்’ என்ற வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கட்டாதீர்கள். முதுகலை ஆசிரியர் கனவு இருந்தால் இளங்கலை, முதுகலை இரண்டும் ஒரே பாடத்தில் இருக்கட்டும்.

படித்த வரிசையும் முக்கியம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் வர வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக வாங்கிய பட்டம் அரசுப் பணிக்கு உதவாது.

இப்போது மிகவும் மோசமான ஒன்று. ‘கல்லூரிக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்’ என்று விற்கப்படும் பி.எட். பக்கத்து மாநிலக் கல்லூரிகளின் பெயரைச் சொல்லி நம் ஊர்ப் பேருந்து நிலையம் பக்கத்திலேயே ஏஜெண்டுகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பி.எட்.-டில் வகுப்புகளுக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும் என்பது தேசிய விதி. பள்ளியில் செய்யும் பயிற்சியே மொத்தம் 20 வாரம். நீங்கள் வேறு ஊரில் வேலை பார்த்த அதே மாதங்களில் கல்லூரியில் இருந்ததாகப் பதிவு இருந்தால், பின்னாளில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஏஜெண்டின் போன் அப்போது அணைந்திருக்கும். கல்லூரிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரமும், தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் இந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று அந்த இரண்டு இணையதளங்களிலும் பாருங்கள். கல்லூரிச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் அங்கீகாரத் தாளைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள்.

தனியாருக்குப் போவதற்கு முன் ஒரத்தநாட்டில் அரசு கல்வியியல் கல்லூரி இருப்பதையும், பக்கத்தில் புதுக்கோட்டையில் ஒன்று இருப்பதையும் நினைவில் வையுங்கள். விண்ணப்பத் தேதி சத்தமில்லாமல் வந்து போகும். பட்டப்படிப்பின் கடைசித் தேர்வு முடிந்த நாளிலிருந்தே தேடிக்கொண்டிருங்கள். டி.எல்.எட். என்றால் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள், மன்னார்குடியிலும் கீழ்வேளூர் பக்கம் குருக்கத்தியிலும் உண்டு. இந்த வருடம் சேர்க்கை நடக்கிறதா என்று நேரில் கேட்டுவிட்டு வேறு இடம் தேடுங்கள்.

அசல் சான்றிதழைக் கல்லூரியில் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். கட்டணப் பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் பல இடங்களில் பீரோவில் பூட்டி வைக்கிறார்கள். கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டால் முத்திரையோடு ரசீது வாங்குங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும்.

புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயை நம்பி பி.எட். சேரும் பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள். அது பள்ளி முடித்து முதன்முறை சேரும் பட்டத்துக்கோ பட்டயத்துக்கோ தருவது. டி.எல்.எட். அதில் வரும். பட்டம் முடித்துச் சேரும் பி.எட். வராது.

டெட் தேறினால் வேலை வந்துவிடுமா?

வராது. 2018 ஜூலையில் போட்ட அரசாணை 149-க்குப் பிறகு டெட் என்பது வெறும் நுழைவுச்சீட்டு. அதற்கு மேல் இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். 2013-ல் டெட் தேறி, அடுத்து வேலைதான் என்று நம்பியிருந்தவர்களுக்கு இடையில் விதியை மாற்றியது பெரிய அநியாயம். அந்தத் தலைமுறை இன்னமும் போராட்டப் பந்தலில்தான் உட்காருகிறது.

தேர்வுகள் ஒழுங்காக வருவதும் இல்லை. வருடத்துக்கு ஒரு முறையாவது டெட் நடத்த வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2011-ம் ஆண்டு வழிகாட்டுதல். தமிழ்நாட்டில் 2013-க்கு அப்புறம் 2017, அப்புறம் 2019, அப்புறம் 2022, அப்புறம் 2025. இடைநிலை ஆசிரியர் போட்டித் தேர்வு 2024 ஜூலையில்தான் நடந்தது. பிள்ளை டி.எல்.எட். முடித்து, திருமணமாகி, குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயது வந்த பிறகு அறிவிப்பு வருகிறது. ஒரு நல்ல சேதி: டெட் சான்றிதழ் இப்போது ஆயுளுக்கும் செல்லும், பழைய ஏழு வருடக் கெடு இல்லை. வயது வரம்பும் 2023-ல் பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்தப்பட்டது. வயதாகிவிட்டது என்று தாள்களைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

போட்டித் தேர்வில் தமிழ் தகுதித் தாள் ஒன்று சேர்ந்திருக்கிறது. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். கணிதம், இயற்பியல் பிள்ளைகள் இதை அலட்சியம் செய்து வெளியேறுவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

தாள்கள், தாள்கள்

சாதிச் சான்றிதழ் திருமணமான பெண்ணுக்கும் தந்தை வழியில்தான். கணவர் பெயரில் வாங்கியதைக் கொண்டுபோனால் பொதுப்பிரிவில் தள்ளுவார்கள். காரைக்காலில் பிறந்து நாகை, தரங்கம்பாடி பக்கம் வாழ்க்கைப்பட்ட பெண்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புதுச்சேரி அரசு தந்த சாதிச் சான்று தமிழ்நாட்டு இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி, பெரிய அலைச்சலும் இதில்தான். இந்த முன்னுரிமைச் சட்டத்தை 2020-ல் திருத்திய பிறகு பட்டம் மட்டும் தமிழ்வழி என்றால் போதாது. பள்ளியிலிருந்தே தமிழ்வழி என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் சான்று வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளி, பத்து வரை இன்னொன்று, பிளஸ் டூ வேறொன்று என்றால் மூன்று தலைமை ஆசிரியர்களிடம் போக வேண்டும். அதில் ஒரு பள்ளி மூடியிருக்கும். பதிவேடு எங்கே என்று கேட்டால் வட்டாரக் கல்வி அலுவலகம் மாவட்டத்தைக் கை காட்டும், மாவட்டம் வட்டாரத்தைக் கை காட்டும். மயிலாடுதுறை 2020-ல் தனி மாவட்டம் ஆனதால், பழைய பதிவேடு நாகையில் இருப்பதாகவும் சொல்வார்கள். வாயால் கேட்டுத் திரும்பாதீர்கள். எழுத்தில் மனு கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 30 நாளில் பதில் கேட்கலாம். இதையெல்லாம் அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது, பி.எட். படிக்கும்போதே வாங்கி வையுங்கள்.

கணவரை இழந்த பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் தாலுக்கா ஆபீசில் தரும் சாதாரண விதவைச் சான்று அதற்குப் போதாது. ‘ஆதரவற்ற விதவை’ என்று கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் கையொப்பமிட்ட சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் தவறான விண்ணப்பத்தைப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது, திரையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேலை என்று சொல்லப்படுவது

பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக எடுப்பார்கள். 2022-ல் அறிவித்த தொகுப்பூதியம் இடைநிலைக்கு 12,000, பட்டதாரிக்கு 15,000, முதுகலைக்கு 18,000. கல்வியாண்டு முடிந்தால் வேலையும் முடிந்தது. அனுபவத்துக்காகப் போகலாம். ‘இதிலேயே இருந்தால் நிரந்தரம் ஆக்குவார்கள்’ என்று சொல்பவரை நம்பிப் போட்டித் தேர்வுப் படிப்பை நிறுத்தாதீர்கள். 2012-ல் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்கள் எத்தனை வருடம் தெருவில் நின்றார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அரசு நிரந்தரப் பணியில் இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600, பட்டதாரிக்கு 36,400. இந்த இடைவெளியைத் தெரிந்துகொண்டு பாதையைத் தேர்ந்தெடுங்கள். முதல் பணியிடம் வட மாவட்டத்தில் கிடைத்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம். டெல்டாவின் பல தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்து, ஆசிரியரே உபரி என்று கணக்காகிறார்.

அரசு உதவிபெறும் பள்ளி வேலைக்கு லட்சக்கணக்கில் பணம் கேட்பது நம் பக்கம் ஊரறிந்த விஷயம். கொடுப்பதே தவறு, கொடுத்த பிறகும் வேலை நிச்சயமில்லை. நிர்வாகம் நியமன ஆணை தந்துவிடும். கல்வி அலுவலகம் நியமனத்துக்கு ஒப்புதல் தந்தால்தான் அரசுச் சம்பளம் வரும். அந்தப் பணியிடம் உபரிக் கணக்கில் இருந்தால் கோப்பு திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பப்படும். சம்பளமே இல்லாமல் வருடக்கணக்கில் பாடம் நடத்தி, கடைசியில் உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். சேர்வதற்கு முன் இரண்டே தாள்களைக் கேளுங்கள்: பிள்ளைகள் எண்ணிக்கைக்கு எத்தனை ஆசிரியர் என்று சொல்லும் அந்தப் பள்ளியின் கடைசிப் பணியாளர் நிர்ணய ஆணை, காலியிடத்தை நிரப்பக் கல்வி அலுவலர் தந்த அனுமதி. இரண்டையும் காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

அரசுப் பள்ளியில் சேர்ந்துவிட்டால், உங்கள் சான்றிதழ்கள் போலி அல்ல என்று உறுதி செய்யும் உண்மைத்தன்மைச் சான்று என்று ஒரு வேலை மிச்சம் இருக்கும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றிதழ்களுக்கு அரசுத் தேர்வுகள் துறை, பட்டத்துக்கும் பி.எட்.-டுக்கும் அந்தந்தப் பல்கலைக்கழகம் எழுதித் தர வேண்டும். அது வராமல் தகுதிகாண் பருவம் முடிந்ததாக ஆணை போட மாட்டார்கள். அலுவலகம் தானாக அனுப்பும் என்று காத்திருக்காமல், சேர்ந்த வாரமே தலைமை ஆசிரியர் வழியாகக் கடிதமும் கட்டணமும் போய்விட்டதா என்று கேட்டு, அனுப்பிய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.