கோளாறு சீவில் இல்லை, வாயு இறங்கும் வழியில்

“சப்ளையர் ஏமாற்றிவிட்டார் சார், சீவ் மட்டமான சரக்கு.” இந்த ஆண்டில் இதே புகாருடன் எனக்கு வந்த மூன்றாவது அழைப்பு அது. சீவ் என்பது வாயுவின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் நுண்துளை மணிகள்; கலத்துக்குள் அவற்றை நிரப்பிய படுகை வழியாக வாயுவை இறக்கித்தான் உலர்த்துகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் தாங்க வேண்டிய உலர்த்திக் கலம் எட்டாவது மணியிலேயே ஈரத்தை விட்டுவிடுகிறது. ஏற்கெனவே ஒரு முறை முழுப் படுகையையும் அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பிவிட்டார்கள். சில வாரங்கள் தேறியதுபோல இருந்து, மறுபடியும் எட்டு மணி. அள்ளிய பழைய சரக்கை யாராவது ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை.

கலத்தைத் திறந்தோம். வாயு நுழையும் குழாய் வாயான நாசிலுக்கு நேர் கீழே, முழங்கால் அளவுக்கு ஒரு குழி. நாசிலுக்கு அடியில் மட்டமாக இருக்க வேண்டிய தடுப்புத் தட்டு, போல்ட் கழன்று ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தட்டில் மோதிப் பரவ வேண்டிய வாயு நேராகப் பீய்ச்சி இறங்கி, மேலே பரப்பியிருந்த செராமிக் உருண்டைகளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுச் சீவ் மணிகளைச் சுழற்றி அரைத்திருந்தது. ஒரு போல்ட்டைப் பார்க்காமல் விட்டதற்கு டன் கணக்கில் நல்ல சரக்கு குப்பைக்குப் போனது.

பரப்புக்கவர்ச்சி (மணிகளின் பரப்பில் ஈரம் ஒட்டிக்கொள்வது) எப்படி நடக்கிறது, படுகையில் ஈர முகப்பு (ஈரம் ஏறிய பகுதியின் முன் எல்லை) எப்படி நகர்கிறது என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஆலையில் இருப்பவர்களுக்கு அது தெரியும். ஆனால் ஒரு நம்பிக்கையை மட்டும் இன்று விடுவதாக இல்லை: “படுகை ஐந்து மீட்டர் ஆழம் இருக்கிறதே, மேலே கொஞ்சம் கோணலாக விழுந்தாலும் இறங்க இறங்கச் சமமாகிவிடாதா?” படித்த பொறியாளர்கள்கூட என்னிடம் இதைக் கேட்கிறார்கள்.

இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. படுகையின் தடை காரணமாக வேகம் ஓரளவு ஆழத்துக்குள் சமப்பட்டுவிடும். ஆனால் மேல்பகுதியில் ஒரு பக்கம் முகப்பு முந்திவிட்டால், வேகம் பிறகு சமமானாலும் முந்திய தூரம் அப்படியே நிற்கும். பின்தங்கிய பக்கத்துக்காக அது காத்திருக்காது. “பக்கவாட்டில் கலந்து சரியாகிவிடும்” என்பார்கள். கணக்குப் போடுங்கள். மணிகளுக்கு இடையே ஓடும் பாய்மம் பக்கவாட்டில் பரவுவது மிக மெதுவான காரியம். ஆர வாக்கில் பெக்லே எண் (ஓட்டம் இழுத்துச் செல்வதற்கும் பக்கவாட்டில் பரவுவதற்கும் உள்ள விகிதம்) ஏறத்தாழ 10 என்று வைத்துக்கொண்டால், 3 மில்லிமீட்டர் மணிகள் நிரம்பிய படுகையில் 5 மீட்டர் இறங்கி முடிப்பதற்குள் அது பக்கவாட்டில் பரவும் தூரம் ஐந்தரை சென்டிமீட்டர்தான். உங்கள் கலத்தின் விட்டம் மூன்று மீட்டர். இந்தச் சுவரோரத்து வாயு அந்தச் சுவரோரத்தை எந்தக் காலத்தில் சந்திக்கும்?

இன்னொன்று. உள்ளே வருவது 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஈரம், வெளியே அனுமதி 1 பிபிஎம் என்றால், ஈரத்தால் நிறைந்துபோன பாதை வழியாக ஆயிரத்தில் ஒரு பங்கு வாயு போனாலே போதும். மீதி 99.9 சதவீதமும் சருகாக உலர்ந்து வந்தாலும் கருவி சிவப்பு விளக்கைத்தான் காட்டும். சராசரி பார்த்துச் சமாளிக்கும் தொழில் அல்ல இது.

“அழுத்த இழப்பு சரியாகத்தானே காட்டுகிறது?” என்பது அடுத்த கேள்வி. அது படுகையின் மேலுக்கும் கீழுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தைச் சொல்லும் ஒரே ஒரு எண். குறுக்கு வெட்டில் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? வாயு ஒரே தடத்தில் ஓடி வாய்க்கால் விழுந்த படுகையில் அந்த எண் சற்றுக் குறையக்கூடச் செய்யும். அதைப் பார்த்து மகிழ்ந்தவர்களும் உண்டு.

நிரப்புவதில் நடக்கும் அநியாயம் தனி. மேன்ஹோல் வழியாக ஒரே இடத்தில் கொட்டினால் கூம்பாகக் குவியும். பொடி நடுவில் தங்கும், பெரிய மணிகள் உருண்டு ஓரத்துக்குப் போகும். பிறகு மேற்பரப்பை மட்டும் மட்டப்பலகையால் இழுத்துவிட்டு “லெவல் பார்த்தாயிற்று” என்பார்கள். வெற்றிடப் பங்கு (மணிகளுக்கு இடையே உள்ள காலி இடத்தின் அளவு) ஓரிடத்தில் 0.35, பக்கத்தில் 0.40 என்று வைத்து, படுகையின் அழுத்த இழப்புக்கு 1952-இல் எர்கன் தந்த சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். மெதுவான ஓட்டத்தில் தளர்ந்த பக்கம் 75 சதவீதம் கூடுதலாகப் பாயும். வேகமான ஓட்டத்திலும் 27 சதவீதம் கூடுதல். கண்ணுக்குத் தெரியாத நூறில் ஐந்து பங்கு செய்கிற வேலை இது.

எல்லோரும் மறப்பது, ஈரம் ஏறிய சீவைச் சூடாக்கி உலர்த்தி மீட்கும் கட்டம். சூடான வாயு பெரும்பாலும் கீழிருந்து மேலே போகும். அதன் அளவோ மூல வாயுவில் பத்தில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும். ஓட்டம் இவ்வளவு குறையும்போது, பரவலைச் சமப்படுத்தும் படுகைத் தடையும் விழுந்துவிடுகிறது. மீட்டருக்கு 0.23 கிலோபாஸ்கலாவது அழுத்த இழப்பு இருக்க வேண்டும் என்று துறையில் ஒரு விதி புழங்குகிறது. அதற்குக் கீழே போனால் ஒரு பக்கம் வெந்து, மறுபக்கம் ஈரத்தோடு நிற்கும். அந்த ஈரப் பக்கத்தைத்தான் “சீவ் செத்துவிட்டது” என்கிறார்கள். மேல் வெளியேற்றக் குழாயில் இருக்கும் ஒற்றை வெப்பமானியை நம்பாதீர்கள், அது கலந்த வாயுவின் சூட்டைத்தான் சொல்லும். படுகையின் மேல்பகுதியில் மூன்று நான்கு இடங்களில் அளந்து, சூடு எந்தப் பக்கம் எப்போது வந்து சேர்கிறது என்று பாருங்கள். முக்கால் மணி நேர வித்தியாசம் தெரிந்தால் சப்ளையரைத் திட்டுவதை நிறுத்திவிட்டு, படுகையைத் தாங்கும் வலைக்கு அடியில், வாயுவைச் சமமாகப் பகிரும் பரப்பியைப் பாருங்கள். அங்கே யாரும் குனிந்து பார்ப்பதே இல்லை.

துளைக்குழாய்ப் பரப்பி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். துளைகளைப் பெரிதாக்காதீர்கள். ஓர் ஆலையில் அடைப்பு வருகிறது என்று 4 மில்லிமீட்டர் துளைகளை 6 ஆக்கியிருந்தார்கள். துளைகளின் அழுத்த இழப்பு ஐந்தில் ஒரு பங்காகச் சரிந்துவிட்டது. அந்த இழப்பு வீண் செலவு அல்ல, சமமாகப் பகிர்வதற்குக் கொடுக்கும் கூலி. குழாய்க்குள் ஓடும் பாய்மத்தின் வேகத்தால் வரும் அழுத்தத்தைப் போல் பத்து மடங்காவது துளையில் இழப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் கடைசித் துளைகள் பீய்ச்சும், முதல் துளைகள் சொட்டும். ஆம், தலைகீழாகச் சொல்லவில்லை: உராய்வு குறைந்த குட்டைக் குழாயில் தூரத்து முனையில்தான் அழுத்தம் ஏறும். அடைப்புதான் பிரச்சினை என்றால் முன்னால் வடிகட்டி போடுங்கள்.

திரவக் கலங்களில் பரப்பி மட்டும் போதாது. கெட்டியான கரைசலை நீர்த்த ஒன்று தள்ளும்போது அது விரல் விரலாகக் குத்திக்கொண்டு முன்னேறும். சர்க்கரைக் கரைசலைத் தண்ணீர் தள்ளுவதை வைத்து ஹில் இதை எழுதியதும் அதே 1952-இல்தான். கனமான பாகு அடியிலும் தண்ணீர் மேலுமாக, மேலிருந்து, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குள் இறக்கினால் முகப்பு தட்டையாக நிற்கும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் எவ்வளவு விலை உயர்ந்த பரப்பியும் காப்பாற்றாது.

பாரா-சைலீன் என்ற பெட்ரோலிய வேதிப்பொருளைப் பிரிக்கும் கலங்களில் வழக்கமாக 24 படுகைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் எல்லையிலும் திரவத்தைத் திரட்டி மறுபடி பரப்ப வேண்டும். அங்கே அளவு சமமாக இருந்தால் போதாது, ஒவ்வொரு துளைக்கும் போய்ச்சேரும் நேரமும் சமமாக இருக்க வேண்டும். கிளை கிளையாகப் பிரியும் சமநீளக் குழாய்ப் பரப்பிகள் பிறந்தது இந்தக் கவலையில்தான்.

நிரப்பும் பணியாளர்களைக் குறை சொல்லவில்லை. மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு, சூட்டில் உள்ளே நிற்பவர்கள் அவர்கள். மேலே நின்று “சீக்கிரம், சீக்கிரம்” என்று கத்துபவர்களிடம்தான் பேசுகிறேன். தூவும் கருவியை வாடகைக்காவது எடுங்கள். அரை மீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி மட்டம் பாருங்கள். ஓட்டத்தில் விடும்போது வால்வைப் பட்டென்று திறக்காதீர்கள், படுகை தூக்கிப் போட்டுவிடும். சோதனைக்கு மாதிரி எடுத்தால் மேன்ஹோலுக்குக் கீழே கைக்கு எட்டியதை மட்டும் அள்ளாமல், நடுவிலும் நான்கு ஓரங்களிலும் வெவ்வேறு ஆழங்களில் எடுங்கள்.

மூடுவதற்கு முன் தடுப்புத் தட்டின் ஒவ்வொரு போல்ட்டையும் கையால் தொட்டுப் பார்த்து, படுகையின் மேற்பரப்பை ஒரு படமும் எடுத்து வையுங்கள். அடுத்த முறை என்னை அழைத்தால் நான் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான்.