பழைய ஈகிள் பலகையைக் கீகேடுக்குக் கொண்டுவருவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை நாற்றங்காலில் தண்ணீர்ப் பம்பை நேரம் பார்த்து ஓட்டும் சின்ன மின்சுற்றுப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 60க்கு 80 மில்லிமீட்டர், இரண்டு செம்பு அடுக்கு. ஒரு 5 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), அதை இழுக்க ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், ரிலேச் சுருளின் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு. ரிலேயின் மறுபக்கம் 240 வோல்ட், அது பம்பை ஓட்டும் பெரிய சுவிட்சான கான்டாக்டருக்குப் போகிறது. சாயங்கால இடியில் பலகை கருகினால் அதே வரைபடத்தை வைத்து இன்னொன்று அடித்தாக வேண்டும். வரைபடமோ ஈகிள் என்ற பலகை வரையும் மென்பொருளில் இருக்கிறது.

ஈகிளை 2016இல் வாங்கிய ஆட்டோடெஸ்க், 2026 ஜூன் 7உடன் அதை நிறுத்துவதாக 2023இலேயே அறிவித்தது. மாற்றாகப் பலரும் எடுப்பது அதே வேலையைச் செய்யும் கீகேட். 1992இல் ஜான்-பியர் ஷாரா தொடங்கிய இலவச மென்பொருள் இது. ஈகிளின் இலவசப் பதிப்பில் இருந்த 80 சதுர சென்டிமீட்டர் வரம்பு இதில் கிடையாது.

கோப்பை இறக்குமதி செய்வது ஐந்து நிமிட வேலை. சர்க்யூட் கோப்பும் பலகைக் கோப்பும் ஒரே பெயரில், ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஈகிள் 6க்கு முந்திய பதிப்பில் சேமித்தவை என்றால், புதிய ஈகிளில் ஒருமுறை திறந்து மறுபடி சேமித்துவிடுங்கள். 6இலிருந்துதான் அது எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாறியது, கீகேட் படிப்பதும் அதைத்தான். ஈகிள் திறக்கிற நிலையில் இருக்கும்போதே இதைச் செய்துவைப்பது நல்லது. பிறகு கீகேடின் திட்டச் சாளரத்தில் ஃபைல், இம்போர்ட், ஈகிள் புராஜெக்ட். பாகங்களின் படங்கள் தனி நூலகமாகப் பிரிந்து திட்டத்தோடேயே வந்துவிடும்.

பலகையைத் திறந்ததும் தரைச் செம்பு (கிரவுண்ட் இணைப்புக்காக நிரப்பும் செம்புப் பரப்பு) காலியாகத் தெரியும். பதற வேண்டாம், பி விசையை அழுத்தினால் நிரம்பும். இப்படிச் செம்பு நிரப்பும் பரப்புகளான பாலிகன்களின் முன்னுரிமை எண் மாறியிருப்பதும் பிழை இல்லை. ஈகிளில் 1தான் முதல், கீகேடில் பெரிய எண் முதல்.

வம்பு சர்க்யூட் பக்கம்தான். ஈகிளில் பெயர் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கீகேடில் கம்பிக்குச் சொந்தப் பெயர் கிடையாது, அதன்மேல் உட்காரும் லேபிள்தான் பெயர். படம் அழகாக இருக்கட்டும் என்று ஒரு லேபிளை அழித்தால், பக்கத்தின் இன்னொரு மூலைக்குப் போகும் இணைப்பு சத்தமில்லாமல் அறுந்துவிடும். இன்னொன்று கைப்பழக்கம்: ஈகிளில் பாகத்தை நகர்த்தினால் கம்பியும் கூடவே இழுபடும். கீகேடில் எம் விசை பாகத்தை மட்டும் தூக்கிப் போகும். கம்பியோடு இழுக்க ஜி.

சர்க்யூட்டில் கீகேடின் பிழைச் சோதனையை ஓட்டினால், மின்சாரம் வாங்கும் பின்னுக்கு எதுவும் மின்சாரம் தரவில்லை என்று குறை சொல்லும். 5 வோல்ட் வெளியிலிருந்து கனெக்டர் வழியே வருவது அதற்குத் தெரியாது. 5 வோல்ட்டிலும் தரையிலும் ‘இங்கே மின்சாரம் வருகிறது’ என்று சொல்லும் பவர் ஃபிளாக் குறி ஒவ்வொன்று வைத்தால் அடங்கிவிடும்.

இப்போது டிரான்சிஸ்டர். ஈகிளில், சர்க்யூட் படத்தில் வரும் சின்னத்தின் பின்னையும், பலகையில் பாகத்தின் காலைப் பற்றவைக்கும் செம்பு இடமான பேடையும் இணைக்கும் அட்டவணை ஒன்று உண்டு. அதனால் பேடுக்கு சி, பி, ஈ (கலெக்டர், பேஸ், எமிட்டர்) என்று பெயர் வைத்திருக்கலாம். கீகேடில் அந்த அட்டவணை இல்லை, பின் எண்ணும் பேடு எண்ணும் ஒன்றாக இருந்தாலே இணைப்பு. இறக்குமதியான சோடி அப்படியே இருக்கும்வரை கோளாறில்லை. பேடு வடிவத்தை மட்டும் கீகேடின் சொந்த நூலகத்திலிருந்து மாற்றினால், அங்கே பேடுகள் 1, 2, 3. மூன்றும் இணைப்பில்லாமல் நிற்கும். சின்னத்தையும் சேர்த்து மாற்றினால் இணைப்பு வரும், ஆனால் கால் வரிசை உங்கள் பொறுப்பு. தட்டை முகம் நம்மைப் பார்க்க, இடமிருந்து வலமாக பிசி547 கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 நேர்தலைகீழ். தவறவிட்டால் சோதனையில் எந்தப் பிழையும் காட்டாது, ரிலே மட்டும் ஒழுங்காக இழுக்காது.

240 வோல்ட் பக்கத்தில் இன்னும் கவனம் தேவை. ரிலேக்கு அடியில் வெட்டிய பிளவு ஈகிளில் பெரும்பாலும் 46ஆம் அடுக்கில் இருக்கும். கீகேடில் அது, பலகையை வெட்டும் கோடுகளுக்கான எட்ஜ் கட்ஸ் அடுக்கில் மூடிய கோடாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு அடுக்கில் கிடந்தால் பலகை அடிக்கும் ஆலை அதை வெட்டாது. 5 வோல்ட் பக்கச் செம்புக்கும் 240 வோல்ட் பக்கச் செம்புக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் வைத்திருந்தீர்கள் என்றால், 240 வோல்ட் கம்பிகளுக்குத் தனி நெட் கிளாஸ் (ஒரே விதிக்கு உட்படும் இணைப்புகளின் குழு) போட்டு அந்த இடைவெளியை நீங்களே எழுதிவிடுங்கள். பழைய விதிகள் முழுசாக வந்திருக்கும் என்று நம்பி விடாதீர்கள்.

கடைசியாக, ஈகிளில் எடுத்த பழைய கெர்பரையும் (ஆலைக்கு அனுப்பும் பலகைக் கோப்பு) கீகேடின் புதிய கெர்பரையும் கெர்பர் வியூவரில் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பாருங்கள். இரண்டும் விலகித் தெரிந்தால் காரணம் தொடக்கப் புள்ளி: ஈகிள் பொதுவாகப் பலகையின் கீழ் இடது மூலையிலிருந்து அளக்கும், கீகேட் தாளின் மேல் இடது மூலையிலிருந்து. துளைத் தொடக்கப் புள்ளியைப் பலகை மூலையில் வைத்து, கெர்பர் எடுக்கும்போது அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள். துளைக் கோப்புக்குத் தனிப் பொத்தான். அதை மறந்து அனுப்புகிறவர்கள் நிறைய.